சோலாருக்கு 78,000 மானியமாம், போடலாமா?

6 ஏப்ரல் 2025, மதுரை வில்லாபுரம் வாசகர் கேட்டது

அண்ணே, போன கரண்ட் பில் 620 யூனிட், மூவாயிரத்துச் சொச்சம் கட்டினேன். தனி வீடு, மேலே மொட்டை மாடி சும்மாதான் கிடக்கிறது. நேற்று ரெண்டு பேர் வாசலில் வந்து, "பிரதமர் திட்டம், 78,000 ரூபாய் அரசு தரும், உங்களுக்கு எல்லாம் இலவசம், ஆதாரும் ஈ.பி. கார்டும் கொடுங்க, ஐயாயிரம் அட்வான்ஸ் போதும்" என்கிறார்கள். இலவசம் என்றால் ஐயாயிரம் எதற்கு? திருநகரில் நீங்கள் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். போடலாமா, வேண்டாமா?

6 ஏப்ரல் 2025, இரவு

போடலாம். அந்த ரெண்டு பேரிடம் வேண்டாம்.

திட்டம் உண்மைதான். 2024 பிப்ரவரியில் ஆரம்பித்தது, பெயர் பிஎம் சூர்ய கர், ஒரு கோடி வீடுகள் இலக்கு. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அதே 78,000தான். நான் 2024 ஆகஸ்டில் 3 கிலோவாட் போட்டேன். கையிலிருந்து கட்டியது 2,05,000. மானியம் பிறகுதான் வந்தது. முழு மானியம் வேண்டும் என்றால் 3 போட்டுவிடுங்கள், மிச்சம் வைக்காதீர்கள்.

7 ஏப்ரல் 2025

ஒன்றை விட்டுவிட்டேன். "இலவசம்" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்றால், திட்டத்தின் முழுப் பெயரில் "முஃப்த் பிஜ்லி" என்று இருக்கிறது. இந்தியில் இலவச மின்சாரம். மாதம் 300 யூனிட் வரைக்கும் பில் வராமல் போகலாம் என்பதுதான் அதன் பொருள். பேனல் இலவசம் இல்லை. இன்வெர்ட்டர், ஸ்டாண்டு, வேலைக்கூலி எதுவும் இலவசம் இல்லை. வாசலில் வருபவர்கள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்கள்.

திட்டத்தின் இணையதளத்தில் நீங்களே சர்வீஸ் நம்பரைப் போட்டுப் பதிய வேண்டும். பதிவு பெற்ற விற்பனையாளர் பட்டியல் அங்கேயே இருக்கும், அதிலிருந்து ஒருவரைப் பிடியுங்கள். பணம் அவருக்கு நீங்கள் கொடுப்பது. நெட் மீட்டர் (லைனிலிருந்து நாம் எடுப்பதையும் லைனுக்குக் கொடுப்பதையும் அளக்கிற மீட்டர்) மாட்டி, ஈ.பி. ஆட்கள் வந்து பார்த்து, சான்று ஏறிய பிறகு மானியம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். 30 நாள் என்று சொல்வார்கள். எனக்கு ஆனது வேறு கதை, பிறகு சொல்கிறேன்.

9 ஏப்ரல் 2025

முந்தாநாள் முழுக்க ஒரு உறுத்தல். 3 போடுங்கள் என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டேனே, கணக்குப் பார்த்தேனா என்றால் இல்லை. இன்று பேப்பர் எடுத்து உட்கார்ந்தேன்.

நம்ம பக்கத்து வெயிலுக்கு 1 கிலோவாட் ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். நம்ம பில் ரெண்டு மாதத்துக்கு ஒன்று, அதற்கு 240. ஆக 2 கிலோவாட் 480 யூனிட். உங்கள் 620இல் 480 போனால் பில்லுக்கு வருவது 140. அதில் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மிச்சம் 40 யூனிட்டுக்கு நூறு ரூபாய்கூட வராது.

இப்போது மூன்றாவது கிலோவாட்டைச் சேருங்கள். அது மிச்சப்படுத்தப்போவது அந்த நூறு ரூபாயை மட்டும்தான். வருடத்துக்கு 600. எனக்குச் சொன்ன விலைப்படி மூன்றாவது கிலோவாட்டுக்குக் கூடுதலாக ஆனது 55,000, மானியம் 18,000 போகக் கையிலிருந்து 37,000. அறுபது வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். என் பேரன் கையில் வாங்கிக்கொள்வான்.

தமிழ்நாட்டு பில்லின் சூட்சுமம் இது. கீழ் அடுக்கு மலிவு, மேல் அடுக்கு நெருப்பு. 101 முதல் 200 வரை ரெண்டரை ரூபாய்க்கும் குறைவு. 400 வரை ஐந்துக்குள். 400ஐத் தாண்டினால் ஆறுக்கு மேல், 500ஐத் தாண்டினால் எட்டுக்கு மேல், 600ஐத் தாண்டினால் ஒன்பதுக்கு மேல். அதோடு 500ஐத் தாண்டியதும் அந்த ரெண்டரை ரூபாய்ச் சலுகையும் பறிபோய்விடும், ஒரே யூனிட்டில் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடும். சோலார் மேலிருந்துதான் வெட்டும். முதல் கிலோவாட் நெருப்பை வெட்டுகிறது, மூன்றாவது தண்ணீரை வெட்டுகிறது.

மூன்றாவதில் மிஞ்சுகிற யூனிட் அடுத்த பில்லுக்கு வரவாகப் போகும், உண்மை. ஆனால் நாம் வாங்குகிற விலைக்கு அதை யாரும் நம்மிடம் வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

ஆக 2 போடுங்கள். விலை ஒன்றரை லட்சம் என்று வைத்தால், மானியம் 60,000 போக 90,000. பில்லுக்கு மூவாயிரம் வீதம் மிச்சம், வருடத்துக்கு 18,000. ஐந்து வருடத்தில் எடுத்துவிடலாம்.

9 ஏப்ரல் 2025, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதை வீட்டில் படித்துவிட்டு, "அப்ப நம்ம மூணாவது?" என்றாள். சாப்பாடு எடுத்து வை என்றேன்.

20 ஏப்ரல் 2025

நேற்று எங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன். காலை ஒன்பதரையிலிருந்து கரண்ட் இல்லை. மேலே 3 கிலோவாட் பேனல், அதற்கு மேலே ஏப்ரல் சூரியன், கீழே நான் பனைவிசிறியோடு.

இதை எந்த விற்பனையாளரும் தானாகச் சொல்ல மாட்டார். ஈ.பி. லைனோடு சேர்த்த சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேனுக்கு நம் வீட்டுக் கரண்ட் பின்பக்கமாகப் போய் அடித்துவிடக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டருக்குள்ளேயே அப்படி வைத்திருக்கிறார்கள். நியாயமான காரணம். ஆனால் பக்கத்து வீட்டு அண்ணாச்சி மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன சார், உங்களுக்குமா?" என்று கேட்டபோது அந்த நியாயத்தை விளக்கத் தெம்பு இல்லை.

பேட்டரி வைத்தால் ஓடும், அது தனிச் செலவு. நாங்கள் பழைய யூபிஎஸ்ஸைத் தூக்கிப் போடாமல் இருந்திருக்கலாம். எடைக்குப் போட்டுவிட்டோம்.

2 மே 2025

வில்லாபுரம் தம்பி, சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? நீங்கள் அப்பா பெயரில் என்று சொன்ன ஞாபகம். முதலில் பெயர் மாற்றுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் பேனல் மாட்டிய பிறகுதான் சர்வீஸ் இன்னும் தாத்தா பெயரில் இருப்பதைக் கவனித்தார். தாத்தா போய்ச் சேர்ந்து இருபது வருடம்.

என் கதை இனிஷியல் கதை. ஈ.பி.யில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், வங்கியில் இனிஷியலே இல்லை. மூன்றும் நான்தான் என்று கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க மூன்று மாதம். நடுவில் ஒரு கவுண்டரில், "சார், இதில் நீங்கள் எது?" என்றே கேட்டார்கள். மானியம் டிசம்பரில் வந்தது. அதுவரை அந்த 78,000க்கு நகைக்கடன் வட்டி ஓடியது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் திட்டத்துக்கென்றே அடமானம் இல்லாத வங்கிக் கடன் இருக்கிறது, வட்டியும் குறைவு. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று. "சார், வேற பேனல் இருக்கு, இருபதாயிரம் கம்மி" என்பார்கள். பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் மானியம். கடைக்காரர்கள் டிசிஆர் பேனல் என்பார்கள். பில்லில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருபதாயிரத்துக்கு ஆசைப்பட்டு அறுபதாயிரத்தை விட்டுவிடாதீர்கள்.

13 மே 2025

நேற்று அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்க்கப் போய்விட்டு வந்து, மாடியில் மீட்டரைப் பார்த்தேன். அக்னி நட்சத்திரம் கொளுத்துகிறதே, பேனல் பொங்கி வழியும் என்று நினைத்தேன். மார்ச்சைவிடக் குறைவு. மார்ச்சில் 13 யூனிட் வந்த நாள் உண்டு, நேற்று 11.

விசாரித்ததில் தெரிந்தது: பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 25 டிகிரியை வைத்துத்தான் அதன் திறனை அளக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு குறையும். மதுரை மாடியில் மத்தியானம் பேனல் கண்ணாடியில் கை வைக்க முடியாது. பத்துப் பதினைந்து சதவீதம் அங்கேயே ஆவியாகிறது. கமுதியில் 648 மெகாவாட் போட்டு வைத்திருக்கிறார்களே, அவர்களுக்கும் மே மாதம் இதே சங்கடம்தான் என்று நினைத்து ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

மிச்சக் குறைவுக்குக் காரணம் நான். பேனலைக் கழுவ ஆர்.ஓ. மிஷினில் இருந்து வெளியே போகிற தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினேன், வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில். அது போரிங் தண்ணீரைவிட உப்பு கூடின தண்ணீர் என்பது உறைக்கவில்லை. கண்ணாடி முழுக்க வெள்ளைத் திட்டு. இப்போது கார்ப்பரேஷன் தண்ணீரில், விடியற்காலையில், மெல்லிய துணியால் துடைக்கிறேன். குரங்கு வந்து ஏறிக் குதிப்பதற்கு மட்டும் வழி தெரியவில்லை. திருப்பரங்குன்றம் பக்கம் குடியிருந்தால் அது வரியோடு சேர்ந்தது.

1 ஜூன் 2025

இதை ஏப்ரலிலேயே எழுதியிருக்க வேண்டும். அப்போது எனக்கே தெரியாது.

மகள் வீட்டில் நாலு சீலிங் ஃபேனையும் பிஎல்டிசி ஃபேனாக, அதாவது கரண்ட் குறைவாக இழுக்கிற ஃபேனாக, மாற்றினார்கள். பழைய ஃபேன் 75 வாட், இது முழு வேகத்தில் 30 வாட் சுமார். ஒரு ஃபேன் ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் ரெண்டு மாதத்தில் 40 யூனிட் குறைகிறது. நம்ம ஊரில் 15 மணி நேரம் என்பது கஞ்சக் கணக்கு. நாலு ஃபேனுக்கு 160 யூனிட்.

தம்பி, உங்கள் 620இல் 160ஐக் கழியுங்கள். 460. 500க்குக் கீழே வந்துவிட்டீர்கள், அந்தச் சலுகையும் திரும்பி வந்துவிட்டது. பில் மூவாயிரத்துச் சொச்சத்தில் இருந்து 1,600க்கும் கீழே. நாலு ஃபேன் சுமார் 12,000 ரூபாய். எட்டு பில்லில் எடுத்துவிடலாம். மானியம் இல்லை, இணையதளம் இல்லை, இனிஷியல் இல்லை. கடைக்குப் போனால் கையில் கொடுத்துவிடுவார்கள்.

அதற்கு அப்புறமும் சோலார் வேண்டும் என்றால் 1 கிலோவாட் போதும். 460இல் 240 போனால் 220 யூனிட், முன்னூறு ரூபாய் பில். 30,000 மானியம் அதற்கும் உண்டு.

நான் செய்தது தலைகீழ். முதலில் 3 கிலோவாட் போட்டேன், பிறகு போன மாதம் ஃபேனை மாற்றினேன். இப்போது மாடியில் விளைவது வீட்டுக்குத் தேவையானதைவிட ரொம்பக் கூடுதல். அதை வீணாக்கக் கூடாது என்று கரண்ட் அடுப்பு வாங்கினோம். மகன் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினான். பெரிதாகத் தைத்த சட்டைக்கு உடம்பை வளர்ப்பதுபோல.

3 ஜூன் 2025

மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார். "ஐந்து வருடம் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் வீட்டில் கார்த்திகை, மார்கழியிலும் 620 யூனிட் ஓடுமா?"

சரியான குத்து. 620 கோடைப் பில். தம்பி தன் பழைய பில்களைப் பார்த்துச் சொன்னார், மழைக்காலத்தில் 380தான். அதற்குப் பில் 1,100 சுமார். சோலார் அதை முழுசாக அழித்தாலும் மிச்சம் 1,100தான், மூவாயிரம் இல்லை. வருடத்தில் மூன்று பில் மூவாயிரம், மூன்று பில் ஆயிரத்து நூறு என்று வைத்தால் 12,300. 90,000 திரும்ப ஏழு வருடத்துக்கு மேல். ஃபேன் கணக்கும் மழைக்காலத்தில் இவ்வளவு வராது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆறு பில்லையும் எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஒரு பில்லை வைத்துப் போடுவது கல்யாண வீட்டுச் சாப்பாட்டை வைத்து மாதச் செலவு போடுவது மாதிரி.

2 ஜூலை 2025

நேற்று முதல் மின் கட்டணம் 3.16 சதவீதம் ஏற்றம் என்றதும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். வீட்டு இணைப்புக்கு ஏற்றம் இல்லை, அதை அரசே ஏற்றுக்கொள்கிறது. மேலே உள்ள கணக்கு எதையும் மாற்ற வேண்டாம்.

19 ஜூலை 2025

உசிலம்பட்டிப் பக்கம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். 2011-12இல் ஆரம்பித்தார்களே, முதலமைச்சரின் சூரிய ஒளிப் பசுமை வீடு, அந்தத் திட்டத்தில் கட்டியது. 300 சதுர அடி, 1,80,000 ரூபாய், அதில் 30,000 சூரிய விளக்குக்கு. படுக்கையறை, கூடம், அடுப்படி, கழிப்பறை, திண்ணை என்று ஐந்து விளக்கு. பேட்டரிக்கு வயசாகி எப்போதோ போய்விட்டது. சின்ன பேனல் இன்னும் கூரை மேல் இருக்கிறது, அதன் நிழலில் கோழி படுத்திருக்கிறது. ஆனால் சித்தி சொன்னது: "அந்த ரெண்டு மூணு வருஷம் ராத்திரி கரண்டு போனா ஊரே இருட்டு, நம்ம வீட்ல மட்டும் வெளிச்சம். பிள்ளைக எல்லாம் இங்கதான் வந்து படிக்கும்." என் 3 கிலோவாட் செய்யாததை அந்தக் குட்டி பேனல் செய்திருக்கிறது. அதில் பேட்டரி இருந்ததே.

சித்தி மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப்புக்கு அரசு 7,500 பவுண்டு தருகிறதாம். சுவருக்குள் பஞ்சு அடைக்கவும் உதவி உண்டாம். அங்கே சூடு வெளியே போகாமல் இருக்கப் பணம் தருகிறார்கள். இங்கே சூடு உள்ளே வராமல் இருக்க என் மாடிக்குத் தட்டு ஓடு பதிக்க யாராவது தந்தால் தேவலை. ராத்திரி பத்து மணிக்கும் காங்கிரீட் தளம் அடுப்பு மாதிரி இறக்குகிறதே, அந்தச் சூட்டுக்குத்தான் ஏசி ஓடுகிறது, அந்த ஏசிக்குத்தான் பேனல். அந்தக் காலத்து வீடுகளில் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, அதன் மேல் தட்டு ஓடு பதித்தார்கள். ஒரு ஃபேனில் ஓட்டினார்கள்.

சித்தி வீட்டில் பார்த்து வந்து நானும் மாடியில் பேனல் இல்லாத இடத்தில் சுண்ணாம்பு அடித்தேன். பசை கொஞ்சம் கலந்து ரெண்டு கை. மொத்தம் 1,400 ரூபாய். அன்றைக்கு ராத்திரியே வித்தியாசம் தெரிகிறது, வெறுங்காலோடு மாடியில் நிற்க முடிகிறது. பேனலுக்கு அடியில் இருக்கும் அறையும் அப்படித்தான், நிழல் விழுவதால். எல்லோரும் அடியுங்கள்.

25 செப்டம்பர் 2025

22ஆம் தேதியில் இருந்து சோலார் பேனலுக்கு ஜிஎஸ்டி 12இல் இருந்து 5 ஆனது. ஏப்ரலில் அவசரப்படாத தம்பிக்கு லாபம். இதை நான் முன்னாலேயே கணித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அதே நாள் ஏசிக்கும் 28இல் இருந்து 18. எங்கள் தெருவில் ரெண்டு வீட்டில் புது ஏசி இறங்கிவிட்டது.

2 நவம்பர் 2025

"எல்லோரும் அடியுங்கள்" என்று எழுதிய கைக்கு ஒரு அடி. ஐப்பசி மழையில் சுண்ணாம்பு முக்கால்வாசி கரைந்து வாசலில் கோலம் போட்டுவிட்டது. மழைநீர்த் தொட்டிக்குள்ளும் பால் மாதிரி இறங்கிவிட்டது, தொட்டியைக் கழுவ 800. சுண்ணாம்பு அடிப்பவர்கள் தை, மாசியில் அடியுங்கள், மழைக்குக் கரையும் என்று தெரிந்தே அடியுங்கள், தொட்டிக்குப் போகும் குழாயை முதலில் திருப்பி விடுங்கள். வெள்ளை டைல்ஸ் நிற்கும், ஆனால் விலை.

வில்லாபுரம் தம்பி ஆகஸ்டில் ஃபேன் நாலையும் மாற்றினார். பெயர் மாற்றமும் முடிந்துவிட்டது. போன ரீடிங் 395. இப்போது 1 கிலோவாட் போடலாம் என்று ஆள் தேடுகிறார், வருகிறவர்கள் எல்லாம் "ஒண்ணுக்கெல்லாம் வண்டி எடுத்துட்டு வர முடியாது சார், மூணு போடுங்க" என்கிறார்களாம். மதுரைக்குள் 1 கிலோவாட் போட்டுக் கொடுத்த பதிவு பெற்ற ஆள் யாருக்காவது தெரிந்தால் அவருக்குச் சொல்லுங்கள். என் மூன்றாவது கிலோவாட்டைக் கழற்றித் தர முடியுமா என்றும் கேட்டார். விசாரித்தேன், முடியாதாம்.

அப்புறம், அந்த வாசலில் வந்த ரெண்டு பேர் போன வாரம் எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். மேலே பேனலைக் காட்டினேன். "சார், இதுக்கு மேல இன்னும் ரெண்டு போடலாம்" என்றார்கள்.